செர்மாட்டில் குளிர்கால விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் தெற்கு ஓரத்தில், இத்தாலி எல்லைக்கு அருகே, மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கும் ஊர் செர்மாட். ஆல்ப்ஸ் மலையின் பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் ஒன்று, விலையிலும் முன்வரிசைதான். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோடையில், பேருந்துச் சுற்றுலாவில், ஒரு பகல் மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பனிக்காலத்தில் அங்கே போய்த் தங்கிவர நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் என் யோசனை ஒன்றுதான்: ஓட்டலின் நட்சத்திரத்தைக் கூட்டுவதைவிடத் தங்கும் நாட்களைக் கூட்டுங்கள். ஒரு பகலுக்கோ இரண்டு பகலுக்கோ போனால் மலை உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்.

ஆல்ப்ஸில் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஏன் செர்மாட்?

குளிர்காலத்தில் மலைக்குப் போய்த் தங்கும் பழக்கமே சுவிட்சர்லாந்தின் இன்னொரு மலை ஊரான செயின்ட் மோரிட்ஸில் தொடங்கியது என்பார்கள். அங்கே ஓட்டல் நடத்திய யோஹானஸ் பாட்ருட் 1864-ல் தன் ஆங்கிலேய விருந்தினர்களைக் குளிர்காலத்திலும் வந்து பார்க்கச் சொல்லி, பிடிக்காவிட்டால் பயணச் செலவைத் தானே தருவதாகப் பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரை தங்கிவிட்டார்கள் என்பது கதை. 1928, 1948 ஆகிய இரண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அந்த ஊரில் நடந்தன. உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயம் இன்றும் நடக்கிறது. விருந்து, கடைவீதி, பெரிய மனிதர்கள் கூட்டம் எல்லாம் வேண்டுமென்றால் அங்கே போகலாம். பிரான்சின் குர்ஷெவெல் காலை முதல் மாலை வரை சறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தோதான இடம்.

செர்மாட்டை நான் சொல்வதற்குக் காரணம், சறுக்கத் தெரியாதவரும் அங்கே 3,000 மீட்டருக்கு மேல் போய்வர முடியும். ரயில் இருக்கிறது, கேபிள் கார் இருக்கிறது. பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் இடம் இல்லை. மின்சார வண்டிகள் மட்டுமே. அதோடு இந்த ஊருக்குப் பெரிய ஒரு கதையும் உண்டு. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்னின் உச்சியை முதன்முதலாக எட்டினார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அறுந்த கயிற்றின் துண்டை ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இவ்வளவு மெல்லிய கயிற்றையா நம்பினார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

எந்த மாதம் போவது நல்லது?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள் அழகுதான். ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை வரும். அப்போதும் அதே நிலைதான். புத்தாண்டுக் கூட்டம் கலைந்தபின் ஜனவரி நடுவிலிருந்து கடைசி வரை ஓட்டல் விலை சற்று இறங்கும், பனியும் நன்றாக இருக்கும், குளிர் மட்டும் கடுமை. முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்ச். பகல் நீளம், வெயில் உண்டு, மேலே பனி குறைவதில்லை. பள்ளித் தேர்வுக்காலம் என்பதால் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு மார்ச் ஒத்துவராது. அவர்கள் ஏப்ரல் முதல் பாதியைப் பார்க்கலாம். இந்த ஊரின் சறுக்குப் பாதைகள் மிக உயரத்தில் இருப்பதால், தாழ்ந்த ஊர்களில் பனி உருகிய பிறகும் இங்கே சறுக்க முடியும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

சூரிச்சுக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. டெல்லி அல்லது மும்பை வழியாகவோ, வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகவோ, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ போகலாம். சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து விஸ்ப் என்ற ஊருக்குப் போய், எதிர் நடைமேடையில் நிற்கும் சிவப்பு மலை ரயிலுக்கு மாறவேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம். ஜெனீவாவில் இறங்கினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

வாடகைக் கார் எடுக்கவேண்டாம் என்பேன். எடுத்தாலும் 5 கிலோமீட்டர் முன்னாலேயே, டேஷ் என்ற ஊரின் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு ரயிலேற வேண்டியதுதான். பனியில் கார் ஓட்டிப் பழகாதவர்களுக்கு அந்த மலைச்சாலை தேவையில்லாத பதற்றம். செர்மாட் நிலையத்தில் இறங்கியதும் பெரிய ஓட்டல்களின் மின்சார வண்டிகள் வந்து நிற்கும். வரும் ரயில் நேரத்தை ஓட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

விசா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். டிசம்பர் பயணத்துக்கு அந்தக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கீழே விபத்து பற்றிய கேள்வியில் சொல்கிறேன், தயவுசெய்து அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

எத்தனை நாள் தங்க வேண்டும்?

ஐந்து இரவாவது. மேட்டர்ஹார்ன் இரண்டு மூன்று நாள் மேகத்துக்குள்ளேயே இருந்துவிடுவது சாதாரணம். காற்று பலமாக வீசினால் உயரத்தில் இருக்கும் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். இரண்டு இரவுக்குத் திட்டமிட்டு வந்தவர்கள் சாம்பல் வானத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதை அடிக்கடி காணலாம். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்கு விற்கப்பட்ட திட்டம் அப்படி. சூரிச், லூசர்ன், இன்டர்லாக்கன், செர்மாட், ஜெனீவா என்று ஒரே வாரத்தில் ஐந்து ஊர் போடும் பயணத் திட்டத்தில் பாதி நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடுகிறது. பனிச்சறுக்கு கற்பதாக இருந்தால் இன்னும் ஒரு காரணம்: முதல் இரண்டு நாள் கஷ்டம், மூன்றாம் நாள்தான் சந்தோஷம் தொடங்கும். அந்த மூன்றாம் நாளுக்கு முன்னால் ஊரை விட்டுக் கிளம்பினால் கொடுத்த பணம் வீண்.

ஐந்து நட்சத்திர ஓட்டலில் அந்த விலைக்கு என்ன கிடைக்கும்?

மோன் செர்வென் பேலஸ், செர்மாட்டர்ஹோஃப் இரண்டும் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய பெரிய ஓட்டல்கள். 1879-ல் திறக்கப்பட்ட செர்மாட்டர்ஹோஃப் ஊரின் பழங்குடும்பங்களுடைய பொதுச் சொத்து என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்த ஊரில் ஓட்டல் தொழிலுக்கு அடித்தளம் போட்ட அலெக்சாண்டர் சைலர் வெளியூர்க்காரர் என்பதால், ஊர் உரிமை கேட்டு ஏறத்தாழ 18 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நிலத்தையும் தொழிலையும் கைவிடாத மக்கள் இந்த ஊர்க்காரர்கள்.

புதுமையான வடிவமைப்பு பிடித்தவர்களுக்குப் பாறைக்கு மேல் நிற்கும் ஆம்னியா இருக்கிறது. ஊரை விட்டு விலகி மலையிலேயே தங்க விரும்புகிறவர்களுக்கு 2,222 மீட்டரில் ரிஃபெல்ஆல்ப் இருக்கிறது. ஆனால் அங்கே தங்கினால் மாலை நேரத்தில் ஊருக்கு வந்துபோக ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த ஓட்டல்களில் பணம் எதற்குப் போகிறது என்றால்: சூடான நீச்சல் குளம், காலை உணவு, உங்கள் ஸ்கீயையும் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) பூட்ஸையும் இரவில் உலர்த்திச் சூடாக வைத்துத் தரும் அறை, சறுக்குப் பள்ளியிலும் உணவகத்திலும் இடம் பிடித்துத் தரும் வரவேற்பு ஊழியர்கள். கடைசியில் சொன்ன இரண்டும்தான் உண்மையில் உதவுபவை. அவை நல்ல நான்கு நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்கும். ஆகவே ஐந்து நட்சத்திரத்தில் மூன்று இரவா, நான்கு நட்சத்திரத்தில் ஐந்து இரவா என்றால் இரண்டாவதையே எடுங்கள். மேட்டர்ஹார்ன் தெரியும் அறைக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அதற்கு மட்டும் யோசிக்காமல் கொடுக்கலாம். விடியற்காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றால், ஊர் இருட்டாக இருக்கும்போதே சிகரத்தின் நுனியில் செம்மஞ்சள் ஏறி, மெதுவாகக் கீழே இறங்கி வருவதைப் பார்க்கலாம். அந்த அறை இல்லாதவர்கள் அதே காட்சிக்காகத் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் குளிரில் காத்து நிற்பார்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு சுவிஸ் பிராங்க் இப்போது நூறு ரூபாய்க்கு மேல். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் ஸ்கீ பாஸ் (மலை லிஃப்டுகளில் ஏறுவதற்கான சீட்டு) 80 முதல் 100 பிராங்க் அளவில் வரும். முன்பதிவு செய்யும் நாளைப் பொறுத்து விலை மாறும், சீக்கிரம் எடுத்தால் குறையும். தனிப் பயிற்சியாளர் முழு நாளுக்கு 400 பிராங்குக்குக் குறையமாட்டார். பூட்ஸ், ஸ்கீ, ஹெல்மெட் வாடகை தனி. ஐந்து நட்சத்திர ஓட்டலில் உச்சகாலத்தில் இருவர் அறைக்கு நூற்றுக்கணக்கான பிராங்குகள், சில வாரங்களில் ஆயிரத்தையும் தாண்டும்.

குறைக்க வழி உண்டா என்றால், உண்டு. புதிதாகக் கற்பவர் முதல் நாளே முழு மலைக்கும் பாஸ் வாங்க வேண்டாம். தொடக்கநிலைப் பாதைகளுக்கு மட்டும் செல்லும் மலிவான பாஸ் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரே சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, தயிர், ரொட்டி, பழம் எல்லாம் நியாயமான விலை. டேஷில் தங்கி 12 நிமிட ரயிலில் வந்துபோகலாம். இல்லையென்றால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாஸ் ஃபே இருக்கிறது. அதுவும் கார் இல்லாத ஊர், செலவும் குறைவு.

பனியையே பார்த்ததில்லை. நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. சறுக்கக் கற்க முடியுமா?

முடியும். ஓரளவு நடைப்பயிற்சி இருந்தால் போதும். போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே உட்கார்ந்து எழும் பயிற்சியும் மாடிப்படி ஏறுவதும் செய்யுங்கள், தொடைக்குத்தான் வேலை அதிகம்.

தொடக்கநிலைப் பாதைகள் சுன்னெகாவிலும் ரிஃபெல்பெர்க்கிலும் இருக்கின்றன. சுன்னெகாவுக்கு ஊரிலிருந்தே மலைக்குள் குடைந்த சுரங்க ரயிலில் சில நிமிடத்தில் போய்விடலாம். அங்கே மேலே ஏற, விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டையைப் போன்ற நகரும் பட்டை ஒன்று இருக்கும். அதில் நின்றால் போதும், அதுவே கொண்டுபோய்விடும்.

முதல் பாடம் நிறுத்துவது. ஸ்கீயின் முன் நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகல விரித்து, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். எல்லோரும் செய்யும் தவறு, பயத்தில் பின்னால் சாய்வது. பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதி பிடி இழந்து வேகம் கூடும். சரிவை நோக்கி உடம்பை முன்னால் கொடுத்தால்தான் ஸ்கீ உங்கள் சொல் கேட்கும். மனம் வேண்டாம் என்னும், ஆனால் அதுதான் வழி. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். விழுவதானால் பக்கவாட்டில் விழுங்கள், கையைப் பின்னால் ஊன்றாதீர்கள்.

இரண்டாம் நாள் திரும்பக் கற்பீர்கள். மூன்றாம் நாள் பயிற்சியாளரோடு எளிய நீலப் பாதை ஒன்றில் இறங்கிவிடலாம். நண்பரோ கணவரோ சொல்லிக் கொடுப்பார் என்று பயிற்சியாளரை மட்டும் தவிர்க்காதீர்கள். இந்த விடுமுறையில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக்கூடாது.

கருவிகளை வாங்கிப் போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

வாடகைதான். கடையில் உயரம், எடை, வயது, அனுபவம் எல்லாம் கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லவேண்டாம். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து எந்த அளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி அமைக்கிறார்கள். முழங்காலைக் காப்பாற்றுவது அது.

பூட்ஸுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு ஜோடி நீளமான மெல்லிய சாக்ஸ்; இரண்டு போட்டால் ரத்தவோட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். பிறகு கொக்கிகளை மாட்டுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடவேண்டும், முழங்காலை மடக்கினால் விலகவேண்டும். இறுக்கமாக இருப்பது இயல்பு, வலி இயல்பல்ல. வலித்தால் தயங்காமல் வேறு கேளுங்கள். மறுநாள் வந்து மாற்றினாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஸ்கீ பாஸ் அட்டையை ஜாக்கெட்டின் இடப்பக்கப் பையில் வையுங்கள். லிஃப்டின் வாயிற்கதவு அந்தப் பக்கம்தான் அட்டையைப் படிக்கும். அதே பையில் செல்போனை வைத்தால் சிலசமயம் கதவு திறக்காது.

பாதைகளுக்கு நிறம் எதற்கு?

நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் நிறத்தில் குறித்தவை பனியைச் சமப்படுத்தாத பாதைகள், அனுபவசாலிகளுக்கு மட்டும். பிரான்சில் இருக்கும் பச்சை நிறம் இங்கே பெரும்பாலும் இருக்காது. இத்தாலியின் செர்வினியாவையும் வால்டோர்னென்ஷையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் பாதை. காலையில் சுவிஸில் சறுக்கி, மதியம் இத்தாலியில் பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வரலாம். பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். கடைசி லிஃப்ட் நேரத்தையும் பாருங்கள், தவறவிட்டால் சாலை வழியாகச் சுற்றித் திரும்பப் பல மணி நேரம் ஆகும்.

முந்திச் செல்வதில் ஒரே விதி: மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்து வராமல் வழி பார்த்துப் போகவேண்டும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குள் இறங்கும் பாதை நெரிசலாகவும் பனிக்கட்டியாகவும் இருக்கும். புதியவர்கள் ரயிலிலேயே இறங்கிவிடலாம்.

என்ன உடை கொண்டுபோவது?

மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி, வெளியே நீரும் காற்றும் புகாத ஜாக்கெட்டும் பேன்டும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் சறுக்கும்போது வேண்டவே வேண்டாம், ஈரமானால் உலராது. கையுறையில் மலிவானதை வாங்காதீர்கள். காகிள்ஸும் சன்ஸ்கிரீனும் அவசியம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். கறுத்த தோல் என்றால் வெயில் சுடாது என்று நினைக்கவேண்டாம். மூக்கின் அடிப்பக்கமும் தாடையும்கூடச் சுடும். ஊருக்குள் நடக்க, அடியில் ஆழமான வரிகள் உள்ள பூட்ஸ் வேண்டும். தெருவில் பனி இறுகி வழுக்கும்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களை அழைத்துப் போனால் என்ன செய்வார்கள்?

கோர்னர்கிராட் ரயிலில் ஏற்றிவிடுங்கள். 1898-ல் ஓடத் தொடங்கிய பல்சக்கர மின்ரயில் அது. ஊர் நிலையத்துக்கு எதிரிலிருந்து கிளம்பி 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்குப் போய்விடும். மேலே போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் தெரியும். உச்சியில் இறங்கினால் எதிரே கோர்னர் பனியாறும், சுவிட்சர்லாந்தின் மிக உயரமான 4,634 மீட்டர் டூஃபூர் சிகரமும். வெயில் நாளில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சூடான சாக்லெட் குடிக்கலாம். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் கட்டணம் பாதி.

ஊருக்குள்ளும் பார்க்க நிறைய இருக்கிறது. ஹின்டர்டோர்ஃப் பகுதியில் பல நூறு ஆண்டு பழைய மரக் களஞ்சியங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கால்களின் மேல், ஒவ்வொரு காலுக்கும் தட்டையான வட்டக் கல் ஒன்று. எலி ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. தானியத்தை அப்படித்தான் காத்தார்கள். அருங்காட்சியகம், மலையேறிகளின் கல்லறைகள், பனி ஒதுக்கிய நடைபாதைகள் எல்லாம் உண்டு. கொஞ்சம் தைரியம் உள்ளவர்களுக்கு, கோர்னர்கிராட் ரயில் வழியிலுள்ள ரோட்டன்போடனிலிருந்து ரிஃபெல்பெர்க் வரை மரச் சறுக்குவண்டியில் இறங்கும் பாதை இருக்கிறது. சறுக்கத் தெரியாத வயதுவந்த பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

அவ்வளவு உயரத்தில் மூச்சுத் திணறாதா?

ஊர் சுமார் 1,600 மீட்டரில்தான் இருக்கிறது, அங்கே பிரச்சினை இல்லை. 3,883 மீட்டரில் இருக்கும் மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் ஐரோப்பாவின் மிக உயரமான கேபிள் கார் நிலையம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வேகமாகப் படியேறினால் தலைசுற்றும். முதல் நாளே அங்கே போகாமல், இரண்டு நாள் ஊரில் பழகிவிட்டுப் போங்கள். மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி கூடினால் அடுத்த கேபிள் காரிலேயே இறங்குங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டும். கைக்குழந்தையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

குழந்தைகள்?

சறுக்குப் பள்ளியில் நான்கு வயது அளவிலிருந்து சேர்க்கிறார்கள். பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். ஹெல்மெட் இல்லாமல் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குளிர்கிறது என்று சொல்லத் தெரியாது. அடிக்கடி கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டுப் பாருங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிடவேண்டும். இந்தப் பகுதியின் உணவே பாலாடைக்கட்டி. ராக்லெட் என்றால் பாதிச் சக்கர அளவுக் கட்டியை நெருப்பருகே பிடித்து, உருகும் மேற்பரப்பைக் கத்தியால் வழித்துத் தட்டில் போடுவார்கள். கூடவே தோலோடு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி, சின்ன வெங்காயம். தட்டு காலியானதும் அடுத்தது வரும். ஓரத்தில் கருகிய மொறுமொறுப்பான பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் ருசி. ஃபாண்டு பொதுப் பானையில் உருகிக்கொண்டிருக்கும் கட்டியில் ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடுவது. அதில் வெள்ளை ஒயினும் பெரும்பாலும் கிர்ஷ் என்ற மதுவும் சேர்ப்பார்கள். மது தவிர்ப்பவர்கள் ராக்லெட்டையே எடுக்கலாம். துருவிய உருளைக்கிழங்கை வறுத்த ரோஷ்டியில் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கக்கூடும். சூப்பின் சாறு இறைச்சியில் செய்ததாக இருக்கும். உலர் இறைச்சித் தட்டு மாட்டிறைச்சி. பாலாடைக்கட்டியே பல சமயம் கன்றின் வயிற்று நொதியில் உறைந்தது, அதுவும் கூடாது என்பவர்கள் ஓட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பட்டியலில் 'வெகெடாரிஷ்' என்று இருப்பதைத் தேடுங்கள்.

மதிய உணவுக்கு ஃபின்டெல்ன் என்ற சின்னக் குடியிருப்பின் மர வீட்டு உணவகங்களைத் தவறவிடாதீர்கள். சறுக்கியும் போகலாம், நடந்தும் போகலாம். இடம் முன்பதிவு செய்யாமல் கிடைக்காது.

1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சுவிஸில் குடியேறியிருக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேர் ஓட்டல் சமையலறைகளில் உழைத்தவர்கள், உழைக்கிறவர்கள். ஆகவே ஆல்ப்ஸ் மலையில் யாராவது தமிழில் "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டால் ஆச்சரியப்படவேண்டாம். அவர்கள் வேலை நேரத்தில் இருப்பவர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஓட்டல் ஸ்பாவில் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா?

உண்டு. நீச்சல் குளத்தில் நீச்சலுடை. ஆனால் சோனா என்ற வெப்பக் குளியல் அறைகளில் ஆண் பெண் இருபாலரும் உடையில்லாமல் அமர்வது இங்கே வழக்கம், பல இடங்களில் நீச்சலுடைக்கு அனுமதியே இல்லை. பெண்களுக்குத் தனி நேரமோ உடையுடன் அமரும் பகுதியோ உண்டா என்று வரவேற்பில் கேட்டுவிட்டுப் போங்கள். குளத்துக்கு அது பொருந்தாது, குடும்பத்தோடு போகலாம்.

விபத்து நடந்தால்? பனிச்சரிவு பயம் இருக்கிறதே?

முதலில் காப்பீடு. நம் ஊரில் விசாவுக்கு எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் பனிச்சறுக்கு விபத்துக்கு இழப்பீடு கிடையாது. குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்து வாங்குங்கள், மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கால் உடைந்தவரை மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்தக் கட்டணம் உங்களுடையது. இந்தப் பகுதியில் அந்த வேலையை 1968-ல் தொடங்கிய ஏர் செர்மாட் செய்கிறது; உலகிலேயே மிகத் தேர்ந்த மலை மீட்புக் குழுக்களில் ஒன்று. அவசர எண் 144, அல்லது 112.

பனிச்சரிவைப் பொறுத்தவரை, குறிக்கப்பட்டுத் திறந்திருக்கும் பாதைகளை ஊழியர்கள் தினமும் கண்காணிக்கிறார்கள். ஆபத்து, பாதையின் எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம். தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் அபாயத்தை 1 முதல் 5 வரை அளந்து குளிர்காலத்தில் நாள்தோறும் அறிவிக்கிறது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு 5-ம் நிலையில் நடப்பதில்லை, 3-ம் நிலையில்தான். 5 என்றால் யாரும் வெளியே போகமாட்டார்கள். 3 என்றால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும். பக்கத்துச் சரிவில் யாருடைய தடமோ தெரிகிறது என்று கயிற்றைத் தாண்டாதீர்கள். அந்தத் தடம் போட்டவருக்கு என்ன பயிற்சி, என்ன கருவி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பனி அதிகமாகி ஊரிலேயே மாட்டிக்கொண்டால்?

நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடப்பட்டு, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கினார்கள். சிலரை ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுவந்தார்கள். ஊருக்குள் ஆபத்து எதுவும் இல்லை, வெளியே போகும் வழிதான் இல்லை. ஆகவே மலையிலிருந்து இறங்கிய அன்றே விமானம் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள். கடைசி இரவைச் சூரிச்சிலோ ஜெனீவாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரைகளை நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துப்போங்கள்.

பனியாறுகள் கரைகின்றனவாமே? அங்கே போவது சரியா?

கரைகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் மொத்தக் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. 2022 கோடையில் செர்மாட்டே தன் பனியாற்றுச் சறுக்கைச் சில காலம் நிறுத்த வேண்டி வந்தது. செர்மாட்டில் தொடங்கிச் செர்வினியாவில் முடியும் உலகக்கோப்பைச் சறுக்குப் பந்தயத்தை அறிவித்து, 2022-ல் பனி போதாமலும் 2023-ல் மோசமான வானிலையாலும் ரத்து செய்தார்கள். ஒரு பந்தயம்கூட நடக்காமலேயே அது அட்டவணையிலிருந்து போனது. அதற்காகப் பனியாற்றில் இயந்திரங்களை இறக்கித் தோண்டியது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நீண்ட தூரம் பறந்து போகிறோம் என்றால், ஒரே பயணத்தில் நிறைய நாள் தங்கி, சுவிட்சர்லாந்துக்குள் ரயிலில் போய், ஹெலிகாப்டர் உல்லாசச் சுற்றுகளைத் தவிர்க்கலாம். கோர்னர்கிராட்டில் நிற்கும்போது பிள்ளைகளுக்குப் பனியாற்றின் இருபுறமும் மலைச்சுவரில் தெரியும் வெளிறிய கோட்டைக் காட்டுங்கள். ஒரு காலத்தில் பனி அதுவரை இருந்தது.

கிளேசியர் எக்ஸ்பிரஸில் போகவேண்டுமா?

செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே 1930 முதல் ஓடும் ரயில். எட்டு மணி நேரம், 291 பாலம், 91 சுரங்கம். ஜன்னல் பெரிது, வேகம் குறைவு. இரண்டு ஊரிலும் தங்குவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம். வெறும் ரயிலுக்காக ஒரு மலை நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். பெயர் கிளேசியர் என்றாலும் வழியில் அதிகம் பார்ப்பது பள்ளத்தாக்கும் ஊர்களும்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்?

நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட், அதே சார்ஜர் போதும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். உணவக விலையில் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது, திருப்தி என்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், உள்பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு ரயில்வேயே தனியாகக் கொண்டுவந்து சேர்க்கும் சேவை உண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் தகும். காலையில் வெளியே கிளம்புமுன் ஓட்டல் தொலைக்காட்சியில் மலை உச்சிகளின் நேரடிக் கேமராக் காட்சி ஓடும். கீழே மூட்டமாக இருந்தாலும் மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எந்தப் பக்கம் ஏறுவது என்று முடிவு செய்யுங்கள்.